உண்ணி இலைச் சாற்றில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்க்கும் முறை

எங்கள் ஊவாப் பக்கத்தில் உண்ணிச்செடிக்குப் பஞ்சமே இல்லை. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையோரம், ரயில் தண்டவாளக் கரை, கைவிட்ட தேயிலை மலை, லயத்துப் பின்வேலி என்று எங்கும் மண்டிக் கிடக்கும். சிங்களத்தில் கந்தபான. தாவரவியற் பெயர் லன்டானா கமாரா. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த புதர். பூவழகுக்காகக் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு நம் மண்ணின் செடிகளைத் தலைதூக்க விடாமல் அமுக்கிக்கொண்டு நிற்கிறது.

உயர்தர வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை வந்து, "மிஸ், ஒரு மூலிகையில என்ன இருக்குனு பார்த்துச் செயற்றிட்டம் செய்யணும்" என்று கேட்கும். நான் உண்ணியைத்தான் சொல்லுவேன். காட்டுக்குள் போய் அரிய மூலிகையை வேரோடு பிடுங்கிக்கொண்டு வர நான் சம்மதிப்பதில்லை. உண்ணியைக் கூடை கூடையாக ஒடித்தாலும் யாருக்கும் நட்டமில்லை. காசு தேவையில்லை. இலையிலும் சரக்கு நிறைய இருக்கிறது: பீனோலிக் சேர்மங்கள், பிளேவனொயிட்டுகள், தர்ப்பீனொயிட்டுகள், கசக்கினால் மூக்கில் ஏறுகிற ஆவியாகும் எண்ணெய்.

இன்னொரு காரணமும் உண்டு. அது எனக்கு முக்கியமானது. உண்ணி இலை நஞ்சு. ஒரு மாணவி இந்தச் செடியைத் தொடங்கியபோது, வீட்டில் பசு வளர்க்கும் அவளுடைய அம்மாயி, "அத மாடு தின்னா மூக்கு வெந்து போகும்டி, கைய நல்லா கழுவிட்டு வா" என்றாராம். அந்த அம்மா சொன்னதில் இரசாயனம் அப்படியே இருக்கிறது. இலையிலுள்ள லன்டடீன் ஏ, லன்டடீன் பி என்னும் ட்ரைதர்ப்பீனொயிட்டுகள் மாட்டின் ஈரலைத் தாக்கிப் பித்தநீர் ஓட்டத்தை மறிக்கின்றன. மாடு மேய்ந்த புல்லின் பச்சையம் இரைப்பையில் உடைந்து பில்லோஎரித்திரின் என்ற பொருளாக மாறும். வழக்கமாக அது பித்தநீரோடு வெளியே போய்விடும். பித்தநீர் மறிக்கப்பட்டால் இரத்தத்தில் சேர்ந்து தோலுக்கு வரும்; அங்கே வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். மயிர் குறைந்த மூக்கும் வெள்ளைத்தோல் உள்ள இடங்களும்தான் முதலில் புண்ணாகும். கண் மஞ்சளாகும். மாடு சாணி போடாமல் தவிக்கும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இலைச்சாற்றுச் செயற்றிட்டங்களின் கடைசிப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு வாக்கியம்: "இந்த இலையில் அல்கலொயிட்டும் பிளேவனொயிட்டும் இருப்பதால் இது பல நோய்களைக் குணமாக்கும்." அதே குழாய்கள், அதே நிறங்கள், மாட்டைக் கொல்லுகிற இலையிலும் வரும். சோதனைக்குழாயில் ஒரு நிறம் வந்தால் இன்ன குடும்பத்துச் சேர்மம் இருக்கலாம் என்று மட்டும்தான் பொருள். எவ்வளவு இருக்கிறது, அது எந்தச் சேர்மம், உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்ற மூன்றையும் அந்த நிறம் சொல்லாது. இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

செடியும் பறிப்பும்

முதலில் இது உண்ணிதான் என்று உறுதிப்படுத்துங்கள். இளந்தண்டைத் தடவினால் நாலு பட்டை தெரியும்; சின்னச் சின்ன முள்ளும் இருக்கும். இலைகள் எதிரெதிர்ச் சோடியாக வரும், ஓரம் பல் பல்லாக, மேற்பரப்பு சொரசொரவென்று. ஒரே பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செம்மஞ்சளோ சிவப்போ இருக்கும். பூ முதிர முதிர நிறம் மாறுவதால் வருகிற வித்தியாசம் அது. வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ பூக்கிற உண்ணியும் நம் பக்கத்தில் உண்டு. உண்ணி ஒரே அச்சில் வார்த்த செடியல்ல, பலவகைக் கலப்பு. வகைக்கு வகை லன்டடீன் அளவு மாறும். ஆகவே இரண்டு நிறப் பூச்செடிகளின் இலையை ஒரே பைக்குள் போடாதீர்கள். பூவின் நிறத்தை எழுதி வையுங்கள்.

பூவோடு ஒரு கிளையை வெட்டி, பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். இடம், திகதி, கடல்மட்டத்திலிருந்து உயரம், பூ நிறம் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். பின்னாளில் யாராவது "எந்தச் செடி?" என்று கேட்டால் இந்தக் கிளைதான் சாட்சி. பெரிய போட்டிக்கு அனுப்புகிற வேலையென்றால், பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உள்ள தேசிய ஹேர்பேரியத்தில் (உலர்ந்த செடிகளின் சேகரிப்பகம்) காட்டி அடையாளத்தை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பனி காய்ந்தபிறகு, காலை ஒன்பது பத்து மணிக்குப் பறியுங்கள். நுனியிலிருக்கும் தளிர் வேண்டாம், அடியில் பழுத்ததும் வேண்டாம். நுனியிலிருந்து மூன்றாம் சோடிக்கும் ஐந்தாம் சோடிக்கும் இடைப்பட்ட முற்றிய இலை போதும். புழு தின்றது, புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். தேயிலை மலையோரம் பறிப்பதாக இருந்தால் அங்கே அண்மையில் களைக்கொல்லி அடித்தார்களா என்று வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். கான்ஓரத்தில் வழக்கமாக அடிப்பார்கள். தார்ப்பாதையின் விளிம்பில் பறிக்க வேண்டாம். தூசியும் வாகனப் புகையும் படிந்திருக்கும். கையுறை போடுங்கள். முள் கீறுவதும் ஒரு பக்கம், சிலருக்கு இலை பட்டாலே தோல் அரிக்கும் என்பது இன்னொரு பக்கம். பச்சைக்காயைப் பறிக்கும் சின்னப்பிள்ளைகளைக் கிட்டச் சேர்க்காதீர்கள். பழுக்காத காயும் நஞ்சுதான்.

உலர்த்துவதில்தான் பாதி வேலை

பச்சை இலையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தண்ணீர். அரைக் கிலோ பறித்தால் கையில் மிஞ்சுகிற காய்ந்த இலை நூற்றிருபத்தைந்து கிராமுக்கு அங்கிட்டு இங்கிட்டு இருக்கும். ஓடுகிற தண்ணீரில் மண் போக அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசித் துணியில் ஒற்றியெடுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரியுங்கள். நேர்வெயிலில் காயப்போட்டால் ஆவியாகும் எண்ணெய் போய்விடும். ஒளிபட்டுச் சிதைகிற சேர்மங்களும் கெடும்.

எதன்மேல் விரிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். தோட்டப்புறத்தில் எதைக் காயப்போடுவதென்றாலும் கைக்கு முதலில் வருவது உரச்சாக்கு. வேண்டவே வேண்டாம்; எவ்வளவு கழுவினாலும் உரத்தின் மிச்சம் தையலுக்குள் இருக்கும். வெளுத்த பழைய பெட்சீட்டோ அச்சிடாத வெள்ளைத் தாளோ போதும். அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்கும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. மழைக்காலத்தில் விறகு, மிளகாய், கருவாடு எல்லாம் அங்கேதான் காயும். ஆனால் விறகுப் புகையிலேயே பீனோல் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. புகை படிந்த இலையை, பீனோலைக் காட்டுகிற பெரிக் குளோரைட்டுச் சோதனைக்குக் கொண்டுபோனால், இலை பதில் சொல்கிறதா புகை பதில் சொல்கிறதா என்று தெரியாது.

ஊவாவில் ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் ஒரு வாரம், பத்து நாளில் இலை மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அதே மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும். அங்கே நிழலில் காயப்போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த இலையைச் சோதிக்காதீர்கள், பூஞ்சணத்துக்கும் தனக்கென்று இரசாயனம் உண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆய்வுகூடத்து உலர்த்தும் கனலடுப்பை 40 பாகை செல்சியசில் வைத்துக் காயவைக்கலாம். 50 பாகையைத் தாண்டவேண்டாம். அடுத்தடுத்து இரண்டு நாள் நிறுத்து, எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அரைப்பது. வீட்டு மிக்சியில் அரைப்பதானால் அந்த ஜாரை மசாலைக்குத் தொட்டிருக்கக்கூடாது. கொஞ்சம் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தாலும் போதும்: மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டதும் செங்கபிலமாக மாறி, பிளேவனொயிட்டுச் சோதனையைக் குழப்பிவிடும். தவிர, உண்ணி அரைத்த ஜாரில் பிறகு சமையலுக்கு அரைக்கவும் கூடாது. உரலையும் உலக்கையையும் ஆய்வுகூடத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தால் அதுவே மேல். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு இடியுங்கள், அந்தத் தூள் தொண்டையைக் கமறும். மாச்சல்லடையில் சலித்து, கபிலப் போத்தலில் அடைத்து, பெயரும் திகதியும் எழுதுங்கள்.

சாறு இறக்குவது

இரண்டு சாறு வேண்டும்: தண்ணீரில் ஒன்று, எதனோலில் ஒன்று. தண்ணீரில் நுரைக்கிற சபோனின், புரதத்தைப் பிடிக்கிற தனின், வெல்லம் (சர்க்கரை) சேர்ந்த சேர்மங்கள் இறங்கும். எதனோலில் பிளேவனொயிட்டு, அல்கலொயிட்டு, தர்ப்பீனொயிட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும்; பச்சையமும் கூடவே வந்துவிடும்.

தண்ணீர்ச் சாற்றுக்கு 10 கிராம் தூளை 100 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, நீர்த்தொட்டியில் 60 பாகையில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு வடியுங்கள். அன்றைக்கே சோதித்துவிட வேண்டும். வெளியே வைத்தால் மறுநாளே புளிக்கத் தொடங்கும்.

எதனோல் சாற்றுக்கு 10 கிராம் தூளை 100 மி.லீ. 70 சதவீத எதனோலில் போட்டு, மூடியுள்ள கூம்புக் குடுவையில் இரண்டு நாள் வையுங்கள். நினைத்த நேரமெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்குங்கள். பிறகு பஞ்சில் ஒருமுறை, வடிதாளில் ஒருமுறை வடியுங்கள். கரும்பச்சையாக இருக்கும். செறிவாக்க வேண்டுமென்றால் நீர்த்தொட்டியின் மேல் அகன்ற கிண்ணத்தில் ஊற்றி மெல்ல ஆவியாக்குங்கள். எதனோல் அறைவெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். ஆகவே சுடரடுப்பு அந்த அறையிலேயே எரியக்கூடாது. வேறிடத்தில் கொதிக்கவைத்த நீரைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். மலையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. பண்டாரவளை உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 96 பாகையிலும் நுவரெலியாவில் கிட்டத்தட்ட 94 பாகையிலுமே கொதித்துவிடும். புத்தகத்தில் "கொதிநீர்த் தொட்டியில் 10 நிமிடம்" என்றிருந்தால் இன்னும் சில நிமிடம் கூட வையுங்கள்.

எதனோல் கிடைக்கவில்லை என்று கடையில் ஸ்பிரிட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் சாயம் கலந்திருக்கும். சிலவகை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மெதைல் சலிசிலேற்று கலந்திருக்கும். அது பெரிக் குளோரைட்டோடு தானாகவே ஊதா நிறம் கொடுக்கும். இலையே போடாத ஸ்பிரிட் "பீனோல் இருக்கிறது" என்று காட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வெறும் ஸ்பிரிட்டையும் பக்கத்தில் ஒரு குழாயில் வைத்துச் சோதிப்பதுதான்.

பச்சை நிறம் எல்லாவற்றையும் மறைக்கிறது என்று பிள்ளைகள் தவிப்பார்கள். எதனோல் சாற்றைக் கால்பங்காக வற்றவைத்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து, நன்றாகக் குளிரவிட்டு வடியுங்கள். பச்சையம் தண்ணீரில் கரையாது, பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடும். கீழே இறங்குவது மஞ்சள் கலந்த கபிலநிறத் தெளிவு. நிறச் சோதனைகளுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாளை வீசிவிடாதீர்கள்: லன்டடீன் போன்ற தண்ணீரில் கரையாத சேர்மங்களும் அந்தப் பச்சை வண்டலோடுதான் இருக்கும். அதைக் காயவைத்துத் தர்ப்பீனொயிட்டுச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரக்கரித்தூள் போட்டுப் பச்சையை உறிஞ்சச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். கரி பீனோலிக் சேர்மங்களையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் இந்தத் தெளிவுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

எந்தச் சோதனைக்கும் மூன்று குழாய்

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முதற்குழாயில் உண்ணிச் சாறு. இரண்டாவதில் சாறு எதில் இறக்கினீர்களோ அந்தக் கரைப்பான் மட்டும். மூன்றாவதில், அந்தச் சேர்மம் நிச்சயமாக இருக்கிறதென்று தெரிந்த ஒரு பொருளின் சாறு. மூன்றிலும் ஒரே அளவு, ஒரே நேரத்தில், ஒரே சோதனைப்பொருள். இரண்டாம் குழாயில் நிறம் வந்தால் கரைப்பானில் கோளாறு. மூன்றாம் குழாயில் வராவிட்டால் சோதனைப்பொருள் கெட்டுவிட்டது. இரண்டும் சரியாக நின்றால்தான் முதற்குழாயின் பேச்சை நம்பலாம்.

மூன்றாம் குழாய்க்குக் கொழும்பிலிருந்து எதுவும் வரவழைக்க வேண்டியதில்லை. தனினுக்குத் தேயிலை. பிளேவனொயிட்டுக்குப் பம்பாய் வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோல். சபோனினுக்குப் பூந்திக்கொட்டை, சிங்களத்தில் பெனெல. அல்கலொயிட்டுக்கு, வெற்றிலைப் பையில் இருக்கிற புகையிலை, அதிலுள்ளது நிக்கொட்டீன். அதற்கும் கையுறை தேவை, அந்தச் சாறு தோலில் படக்கூடாது.

சோதனைகள்

பீனோலிக் சேர்மமும் தனினும். 1 மி.லீ. சாற்றை 5 மி.லீ. வரை தண்ணீர் விட்டு ஐதாக்கி, 5 சதவீதப் பெரிக் குளோரைட்டில் இரண்டு மூன்று துளி விடுங்கள். ஐதாக்காமல் விட்டால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். குழாயை வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். துளி விழுந்த இடத்தில் முதலில் ஒரு கரும்பச்சைப் புகைபோலக் கிளம்பும், குலுக்கியதும் முழுக்கப் பரவும். தேயிலைக் குழாயில் இதைவிட அடர்ந்த நிறம் வரும். உண்ணியில் பச்சை வந்ததும் "தனின் உண்டு" என்று எழுதிவிடுவார்கள். பெரிக் குளோரைட்டு பீனோல் கூட்டம் உள்ள எதற்கும் நிறம் கொடுக்கும். உண்ணி இலையில் வெர்பாஸ்கோசைட்டு என்ற பீனோலிக் கிளைக்கோசைட்டு இருக்கிறது. அது தனின் அல்ல, ஆனாலும் நிறம் கொடுக்கும். தனின்தானா என்று அறிய ஜெலட்டின் சோதனை வேண்டும். 10 சதவீத உப்புநீரில் 1 சதவீத ஜெலட்டினைக் கரைத்து, தண்ணீர்ச் சாற்றில் சில துளி விடுங்கள். தனின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வீழ்படிவாக இறங்கும். தேயிலைக் குழாயில் உடனே பால்போலக் கலங்கும். கடையில் ஜெலட்டின் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். கடற்பாசி என்று விற்கும் அகார் புரதமல்ல, அதில் இந்தச் சோதனை வேலை செய்யாது.

பிளேவனொயிட்டு. பச்சை நீக்கிய தெளிவில் 2 மி.லீ. எடுத்து 10 சதவீத சோடியம் ஐதரொட்சைட்டு சில துளி விடுங்கள். மஞ்சள் பளிச்சென்று ஏறி, பிறகு ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் விட்டதும் வெளிறினால் பிளேவனொயிட்டு இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது உறுதிக்கு, எதனோல் சாற்றில் அரத்தாள் தேய்த்துச் சுத்தம் செய்த மகனீசியம் நாடாவில் ஒரு துண்டைப் போட்டு, செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலம் சில துளி விடுங்கள். ஐதரசன் குமிழி நுரைத்து அடங்கியபிறகு செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ வருகிறதா என்று ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் நாலாவது குழாயும் தேவை: சாறும் அமிலமும், மகனீசியம் இல்லாமல். பூ, பழம், வெங்காயத்தோல் இவற்றில் உள்ள அந்தோசயனின் அமிலம் பட்டாலே சிவக்கும். அந்த நாலாவது குழாயும் சிவந்தால் அது மகனீசியத்தின் வேலை அல்ல.

சபோனின். சோதனைக்குழாயில் 2 மி.லீ. தண்ணீர்ச் சாறும் 8 மி.லீ. நீரும் விட்டு, பெருவிரலால் மூடாமல் இறப்பர் அடைப்பானால் மூடி, அரை நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து அளவுகோலை வைத்து நுரையின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நின்றால் கணக்கில் எடுக்கலாம். இங்கே பெரும்பாலும் ஏமாற்றுவது சவர்க்காரம். போன பாடத்துக் குழாயைச் சரியாக அலசாமல் எடுத்திருந்தால் வெறும் தண்ணீரே நுரைக்கும். வெற்றுக் குழாய் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அல்கலொயிட்டு. புத்தகங்களில் மேயர் சோதனைப்பொருளைத்தான் முதலில் போட்டிருப்பார்கள். அதில் மேர்க்கூரிக் குளோரைட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் அந்த நஞ்சைக் கொண்டுவர எனக்கு இஷ்டமில்லை. வாக்னர் போதும். 2 கிராம் பொற்றாசியம் அயடைட்டையும் 1.27 கிராம் அயடீனையும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து 100 மி.லீ. ஆக்குங்கள். எதனோல் சாறு 5 மி.லீ.யை ஆவியாக்கி, மிச்சத்தை 5 மி.லீ. ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாகக் கரைத்து வடியுங்கள். அல்கலொயிட்டு காரத்தன்மையுள்ளது, அமிலத்தில் உப்பாகிக் கரைந்து தாளுக்குக் கீழே வரும். அந்த வடிநீரில் வாக்னர் இரண்டு துளி. செங்கபில வீழ்படிவு வந்தால் உண்டு. புகையிலைக் குழாயில் அது தெளிவாகத் தெரியும். நீலக்கறுப்பு வந்தால் அது மாப்பொருள்.

தேயிலை நாட்டுக்காரர் நாம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லவேண்டும். தேயிலைக் கொழுந்தில் கஃபீன் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கஃபீனும் அல்கலொயிட்டுதான். ஆனால் மேயர் சோதனையில் அது வீழ்படிவு கொடுக்காது, அவ்வளவு வலுக்குறைந்த காரம் அது. மேயரை மட்டும் நம்புகிறவர் தேயிலையில் அல்கலொயிட்டே இல்லை என்று எழுதிவிடுவார். ஆகவே வீழ்படிவு வராவிட்டால் "இல்லை" என்று எழுதாதீர்கள். "இந்தச் சோதனையில் தென்படவில்லை" என்று எழுதுங்கள்.

தர்ப்பீனொயிட்டு. உண்ணியின் உயிர்நாடியே இதுதான், ஆனால் செறிந்த சல்பூரிக் அமிலம் வேண்டும் என்பதால் ஆசிரியர் மட்டுமே செய்யவேண்டும். கண்ணுக்குக் கவசம், கையுறை, திறந்த யன்னல். தாளில் தங்கிய பச்சை வண்டலை நன்றாகக் காயவைத்து, கொஞ்சத்தை 2 மி.லீ. குளோரோபோமில் கரைத்து, உலர்ந்த குழாயில் வடித்துக்கொள்ளுங்கள். குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவர் வழியாக 2 மி.லீ. அமிலத்தை மெல்ல இறக்குங்கள். அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். இரண்டு படையும் சந்திக்கிற இடத்தில் செங்கபில வளையம் தெரியும். குலுக்கக்கூடாது. ஈரமோ எதனோலோ மிச்சமிருந்தால் சூடேறித் தெறிக்கும். வண்டல் காய்ந்திருப்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம். வெல்லம் இருந்தால் கருகிக் கபிலமாகும், அதை வளையம் என்று நினைத்துவிடுவார்கள்.

இந்த வளையத்தைப் பார்த்து "லன்டடீன் கண்டுபிடித்தோம்" என்று எழுதமுடியாது. ஏறக்குறைய எல்லாப் பச்சை இலையிலும் சிற்றோஸ்டெரோல் போன்ற ஸ்டெரோல்கள் இருக்கின்றன, அவையும் இதே வளையத்தைக் கொடுக்கும். லயத்துப் பின்னால் இருக்கிற கொய்யா இலையை இதேபோல் செய்து பார்த்தாலே தெரியும். லன்டடீனைத் தனியாகப் பிரித்து அடையாளம் காண்பது பல்கலைக்கழக ஆய்வுகூடத்து வேலை. அங்கேயும் எந்தக் கருவி என்பது முக்கியம். வாயு நிறச்சாரற்பிரிப்பு (கலவையை ஆவியாக்கிச் சேர்மம் சேர்மமாகப் பிரிக்கும் முறை) ஆவியாகிற சேர்மங்களைத்தான் நன்றாகக் காட்டும். உண்ணியின் வாசனை எண்ணெய்க்கு அது பொருத்தம். 552 மூலக்கூற்றுத் திணிவுள்ள லன்டடீன் ஏ அதில் லேசில் ஏறாது, அதற்குத் திரவ நிறச்சாரற்பிரிப்பு வேண்டும். இலைச்சாறு ஒன்றை அனுப்பிப் பட்டியல் வாங்கி, அதில் இல்லாத சேர்மம் இலையிலும் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது.

எழுதுவதும் கழிவும்

முடிவு அட்டவணையில் வெறும் கூட்டல், கழித்தல் குறி போடாமல், கண்ட நிறத்தை வார்த்தையில் எழுதுங்கள்: "கரும்பச்சை, உடனே", "வெளிர்மஞ்சள், அமிலம் விட்டதும் மங்கியது", "நுரை 1.5 சென்ரிமீற்றர், 15 நிமிடத்தின் பின்". மூன்று குழாய்களின் படத்தையும் ஒன்றாக ஒட்டுங்கள். வேறொரு நாளில், வேறொரு செடியின் இலையில் திரும்பச் செய்து அதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் அப்படியே எழுதுங்கள். மழைக்கால இலையும் கச்சான் கால இலையும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பயன்பாடு என்ற தலைப்பின் கீழ் மருந்து, குணம் என்ற சொற்களை எழுதவேண்டாம். வீட்டில் கேள்விப்பட்ட கைவைத்தியத்தை எழுத விரும்பினால், யார் சொன்னது, எந்தப் பாகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தனியாக, கேட்டபடி எழுதுங்கள். அந்தச் சாற்றை யாரும் குடித்தும் பார்க்கக்கூடாது, புண்ணில் தடவியும் பார்க்கக்கூடாது.

மிச்சச் சாற்றையும் கழிவையும் கானில் ஊற்றாதீர்கள். நம் மலையில் மேலே ஓடுகிற கான் கீழே யாரோ ஒருவருடைய பீலிக்குத்தான் போகிறது. அமிலக் கழிவை நிறையத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அப்பச்சோடா போட்டு நுரை அடங்கும்வரை நடுநிலையாக்குங்கள். இலைச் சக்கையை மாடு, ஆடு எட்டாத இடத்தில் குழிதோண்டி மூடுங்கள். குளோரோபோம் கழிவைத் தனிக் கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, சல்பூரிக் அமிலம் கலந்ததை அதோடு சேர்க்காமல் வேறாக வைத்து, இரண்டிலும் என்ன இருக்கிறது, எந்தத் திகதி என்று எழுதி ஆய்வுகூட அலுமாரியில் பூட்டி, வலயக் கல்விப் பணிமனையின் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகரிடம் அகற்றும் வழியைக் கேளுங்கள்.